ரஞ்சிதத்தின் காரும் சரோஜாவின் குரலும்

ரஞ்சிதத்துக்கு மனசு நிறைந்துவிட்டால் உட்கார முடியாது. எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டுவாள். தட்டிக்கொண்டே நடப்பாள். எதிரே வருகிறவர் ஆலை மேனேஜராக இருந்தாலும் சரி, அவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. நாற்பத்தேழு வயதில் இப்படி என்றால் நாலு வயதில் எப்படி இருந்திருப்பாள் என்று அவள் கணவர் நாகப்பன் அடிக்கடி கேட்பார்.

மலாய் நாட்டு மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அப்பா சின்னக்கருப்பன் தோட்டத்து லோரி ஓட்டினார். இரண்டு மகன்களையும் மடியில் உட்காரவைத்து ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், மகள் வந்து நின்றபோது, "பொம்பளப் புள்ளைக்கு லோரி எதுக்கு?" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுச் சத்தம் முப்பது வருடம் அவள் காதில் இருந்தது. இருபத்தைந்து வயதில் தேயிலை ஆலையின் சலிப்பறையில் வேலைக்குச் சேர்ந்தாள். உலர்த்திய தூள் சல்லடைகளில் குலுங்கி, பெருந்தூள், சிறுதூள், பொடி என்று பிரிந்து விழும் அறை அது. எந்தச் சல்லடை அடைத்துக்கொண்டது என்பதை எந்திரத்தின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

முப்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் தானா ராத்தா பஸ் நிலையத்தில் கைநிறையச் சாமான்களுடன் நின்றிருந்தாள். விடுமுறைக் கூட்டத்தை அடைத்துக்கொண்டு மூன்று பஸ்கள் அவளை ஏற்றாமலே போயின. நாலாவது பஸ்ஸுக்காக அவள் நிற்கவில்லை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியிலிருந்த கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்குள் நுழைந்து பேர் கொடுத்துவிட்டாள்.

சோதனையில் இரண்டு முறை தோற்றாள். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்கவேண்டிய இடத்தில் இரண்டு முறையும் கார் உருண்டது. "மலையில பொறந்தவளுக்கு மேடு ஏறத் தெரியலையா?" என்று அண்ணன்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் முறை கார் அசையாமல் நின்றது, அலுங்காமல் ஏறியது. ரஞ்சிதம் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கையைத் தட்டினாள். பக்கத்திலிருந்த மலாய்க்கார அதிகாரி பதறிப்போய், "கையை வை, கையை வை!" என்று கத்தினாராம். ஆனாலும் பாஸ் போட்டுவிட்டார்.

அடுத்த வருடமே கார் வாங்கினாள். கம்போங் ராஜாவில் பூ வியாபாரம் செய்த ஒரு சீனரிடமிருந்து வாங்கிய வெள்ளைக் கார். ஜப்பானில் ஓடி முடித்து, பழையதாகக் கப்பலேறி இங்கே வந்தது. அந்த மாடலை இந்த நாட்டுக் கடைகளில் யாரும் விற்றதில்லை என்பதால், ஒரு சின்னத் திருகாணி வேண்டுமென்றாலும் தேடி அலையவேண்டும். ஆனால் மேடுகளில் அது முனகாமல் ஏறியது; ரஞ்சிதத்துக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கு அதுதான் கல்யாணக் காடி, ஆஸ்பத்திரிக் காடி, கோவில் காடி எல்லாம்.

இனி பாட்டு விஷயத்துக்கு வருவோம்.

ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சரோஜா இருந்தாள். நாற்பது வயது. ஒல்லியான உடம்பு, உரக்கப் பேசமாட்டாள். ஆனால் பாடினால் பதினாறு எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் தனியாக எழுந்து நிற்கும். அவளோடு சேர்ந்து பாடப் பழகினவர்கள் மூன்று பேர்: சலிப்பறையிலிருந்து ரஞ்சிதம், ஆலை ஆபீசில் வேலை பார்க்கும் யோகேஸ்வரி, பொட்டலப் பிரிவிலேயே வயதில் இளையவளான தனுஜா. பசியாறும் நேரத்தில் நாலு பேரும் கொட்டகைக்குப் பின்னால் நின்று பாடுவார்கள். கேட்பவர்கள் தேத்தண்ணியைக் குடிக்க மறந்து நிற்பார்கள்.

ஈப்போவில் ஒரு மகளிர் மன்றம் பெண்களுக்கான கூட்டுப்பாட்டுப் போட்டி வைக்கிறது என்ற அறிவிப்பை யோகேஸ்வரிதான் கைப்பேசியில் பார்த்தாள். பாட்டு சொந்தமாகக் கட்டியதாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. நாலு பேரும் உட்கார்ந்து ஒரே வாரத்தில் ஒரு பாட்டுக் கட்டினார்கள். பதிவு செய்து அனுப்பினார்கள். பதினொரு குழுக்களில் ஒன்றாகத் தேர்வாகிவிட்டோம் என்ற பதில் வந்த அன்று ரஞ்சிதம் சலிப்பறையிலிருந்து ஆபீஸ் வரைக்கும் கை தட்டிக்கொண்டே போனாள்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு, கம்போங் ராஜாவில் தெரிந்தவர் வீட்டுப் புதுமனை விழா. மேடை பழகட்டும் என்று நாலு பேரும் அங்கே பாட ஒப்புக்கொண்டார்கள். ரஞ்சிதத்தின் காரில்தான் போனார்கள். கியா பார்ம் தாண்டும்போது சரோஜா ஒரு தும்மல் போட்டாள். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் லோரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது அடுக்கடுக்காகத் தும்மினாள். தனுஜா விரல்விட்டு எண்ணினாள்: பதினேழு. போய் இறங்கியபோது சரோஜாவின் கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு வீங்கியிருந்தது. பாட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

விழா வீட்டார் நல்லவர்கள். "பரவால்லமா, சாப்பிடுங்க" என்று இலையைப் போட்டார்கள். சாப்பிட்டுத் திரும்பினார்கள். தோட்டத்து வாசலில் இறங்கும்போது சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"உங்க காடியில ஏறுனாலே எனக்கு இப்படித்தான் ஆகுது. ரெண்டு வருஷமாவே. உங்க மனசு நோகும்னு சொல்லாம இருந்தேன்."

ரஞ்சிதத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் காரைப் பற்றி யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. வாரம் தவறாமல் கழுவித் துடைப்பவள். சாம்பிராணி வாசம் வரும் பொட்டலம் ஒன்றும் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறாள். அன்று வீட்டுக்குப் போய் நாகப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஈப்போவுக்கு வேன் எடுத்துக்கிட்டுப் போங்க லா" என்றார் நாகப்பன்.

பள்ளி விடுமுறை. யோகேஸ்வரி ஏழு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு வேன்கூடக் காலியில்லை. பஸ்ஸில் போனால் ஈப்போ போய்ச் சேரும் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

"அப்ப காடியத்தான் சரி பண்ணணும்" என்றாள் ரஞ்சிதம். சொன்ன உடனே அவளுக்கு உயிர் வந்துவிட்டது. "இன்னும் ஆறு நாள் இருக்கு!"

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே பிரிஞ்சாங்கில் ஹரிதாஸின் பட்டறைக்குப் போனாள். ஹரிதாஸ் முப்பது வயதுக்காரர், வாயைவிடக் கை அதிகம் பேசும் ஆள். இந்தப் பக்கத்தில் எல்லோரும் மெக்கானிக்கை ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இடது பக்க இருக்கைக்கு முன்னால் இருந்த சாமான் பெட்டியின் கதவைத் திறந்தார். இரண்டு பக்கத்தையும் அமுக்கி அதை முழுசாகக் கீழே தொங்கவிட்டார். உள்ளே கறுப்பாக ஒரு மூடி தெரிந்தது.

"வெளிய இருக்கற காத்து இது வழியாத்தான் உள்ள வருது, அக்கா. இங்க ஒரு பில்ட்டர் இருக்கணும். மடிச்சு மடிச்சு, விசிறி மாதிரி இருக்கும். தூசியப் பிடிச்சு வெச்சுக்கும்."

மூடியைக் கழற்றிக் கையை விட்டார். முகம் மாறியது. மெல்ல இழுத்தார். வெளியே வந்தது விசிறி இல்லை. பூத்தோட்டத்தில் நிழலுக்காகக் கட்டும் கறுப்பு வலை! நாலாக மடித்து உள்ளே திணித்து வைத்திருந்தார்கள். தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே காய்ந்த செவ்வந்தி இதழ்கள், மண்கட்டி, ஏதோ பூச்சியின் கூடு. ஒரு தட்டுத் தட்டியதும் மஞ்சளாக ஒரு தூள் புகை மாதிரி எழும்பியது. ஹரிதாஸுக்கே தும்மல் வந்துவிட்டது.

"பூக்காரன் காடி லா! பழைய பில்ட்டர் போனதும் புதுசு கிடைக்காம, கையில இருந்ததத் திணிச்சுட்டான் போல."

ரஞ்சிதம் அந்த மஞ்சள் தூளையே பார்த்தாள். ஏழு வருடமாக இந்தப் பூத்தூளைத்தான் எல்லோருக்கும் ஊதிவிட்டிருக்கிறாள்! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. குறை தன் மேல் இல்லை. அது இருக்கும் இடமும் தெரிந்துவிட்டது. கையைத் தட்டினாளே ஒரு தட்டு! பட்டறையிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, புதுசு ஒண்ணு போடுங்க."

ஹரிதாஸ் அளவெடுத்தார். மூன்று கடைக்குப் போன் போட்டார். நீளம் இருபத்தொன்றரை சென்டிமீட்டர், அகலம் பத்தொன்பது, கனம் மூன்று. அந்த அளவில் எங்கேயும் இல்லை. "ஜப்பான்ல இருந்து வரவழைக்கணும்னு சொல்றாங்க. ஒரு மாசம் ஆகும்."

"எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்."

"அப்ப சும்மா விட்டுடுங்க. வெறுமனேயும் ஓடும்."

"வெறுமனே ஓடுனா அவ தொண்டை என்ன ஆகும்?"

ஹரிதாஸ் அளவு எழுதிய சீட்டை அவளிடம் நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை முழுதும் ரஞ்சிதத்தின் தலையில் அந்த அளவுகள்தான். சலிப்பறையில் பறக்கும் பொடியை உறிஞ்சி இழுக்க ஒரு பெரிய எந்திரம் உண்டு. அதன் உள்ளே நீள நீளமான துணிப்பைகள் தொங்கும். காற்று பைகளின் வழியாக வெளியே போகும், பொடி பையிலேயே தங்கும். அன்று கிழிந்துபோன பை ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டாள். வீட்டில் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து, சரியான அளவுக்கு மூன்று துண்டு வெட்டினாள். மூன்றையும் அடுக்கித் தைத்தாள். உள்ளே வைத்தபோது கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, ஜப்பான்காரனே தோத்துப்போனான்!" என்று நாகப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதன்கிழமை மாலை காரை எடுத்தாள்.

பிரிஞ்சாங் தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. கியா பார்ம் ஏற்றத்தில் பனி இறங்கியது. கண்ணாடியில் மூச்சு படிய ஆரம்பித்தது. ரஞ்சிதம் காற்றைக் கூட்டினாள். விசிறி உறுமியது, துவாரத்திலிருந்து கொசு ஊதிய மாதிரி ஒரு இழைதான் வந்தது. ஏர்கோன் போட்டாள். ஒன்றும் மாறவில்லை. கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, ரோடு மறைந்தது. எதிரே ஒரு சுற்றுலா பஸ்ஸின் விளக்கு மட்டும் இரண்டு பெரிய உருண்டைகளாகத் தெரிந்தது.

"ரஞ்சிதம், சடக்கு தெரியலடி!"

"துடைங்க! உங்க சட்டைக் கையால துடைங்க!"

நாகப்பன் முன்னால் குனிந்து குளிர்ச்சட்டையின் கையால் கண்ணாடியைத் தேய்த்தார். அவர் தேய்த்த ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே ரஞ்சிதம் காரை ஓரங்கட்டி, ஒரு ஸ்ட்ராபெரிக் கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். நாகப்பன் கதவைத் திறந்து இறங்கி, சடக்கோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ரஞ்சிதம் இறங்கவில்லை. அந்த மூன்று அடுக்குத் துணியை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆலையில் இதே துணிதானே வேலை செய்கிறது? அங்கே மட்டும் காற்று எப்படிப் போகிறது? கண்ணை மூடி அந்த எந்திரத்தை நினைத்துப் பார்த்தாள். அங்கே இருப்பது ஒரு பை இல்லை. நாற்பது பை! அவ்வளவு காற்றுக்கும் அவ்வளவு துணி வழிவிடுகிறது. இங்கே ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் மூன்று சுவர் கட்டிவைத்தால் காற்று எங்கே போகும்? சன்னச் சல்லடையில் ஒரு கூடைத் தூளை ஒரே இடத்தில் கொட்டினால் குவிந்து நிற்கும். பரப்பிக் கொட்டினால்தான் இறங்கும். ஹரிதாஸ் சொன்ன விசிறி மடிப்பு எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சின்ன இடத்துக்குள் நிறையத் துணியை அடக்கத்தான் அந்த மடிப்பு!

"துணி தப்பில்லைங்க! இடம் பத்தல! மடிப்பு வேணும், மடிப்பு!" என்று கத்திக்கொண்டே கீழே இறங்கி ஓடிவந்தாள்.

நாகப்பன் கல்லிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "எனக்கு இப்ப ஒரு தேத்தண்ணி வேணும்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி ஹரிதாஸின் பட்டறை. இந்த முறை ரஞ்சிதம் வெறுங்கையோடு போகவில்லை. காரின் உள்ளே பில்ட்டர் உட்காரும் பள்ளத்தின் அளவுக்கு அட்டையில் ஒரு பெட்டி செய்து எடுத்துப்போனாள்.

"உங்ககிட்ட இருக்கற எல்லா பில்ட்டரையும் எடுத்து வைங்க. எந்தக் காடியோடதா இருந்தாலும் சரி."

"வேற காடியோடது எப்படிக்கா பொருந்தும்?"

"பொருத்துவோம்."

ஹரிதாஸ் அலமாரியிலிருந்து ஒன்பது பில்ட்டர்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். ரஞ்சிதம் ஒவ்வொன்றையும் அட்டைப்பெட்டிமேல் வைத்துப் பார்த்தாள். சில அகலமாக இருந்தன. சில கனமாக இருந்து உள்ளே நுழையவில்லை. ஏழாவது ஒரு வேனுக்கானது. அகலம் பதினெட்டரை, கனம் இரண்டரை. நீளம்தான் அதிகம், இருபத்தெட்டு. மடிப்புகளுக்கு நடுவே கரித்தூள் ஏற்றிய கறுப்புத் துணி. நாற்றத்தையும் கொஞ்சம் பிடித்துவைக்கும் வகை.

"இதுதான்!" என்றாள். "நீளத்த வெட்டிடலாம்."

"வெட்டுனா மடிப்பு பிரிஞ்சுடும்."

"குறுக்கால வெட்டுனா எல்லா மடிப்போட வாயும் திறந்துக்கும். ரெண்டு மடிப்புக்கு நடுவுல, மடிப்பு போற போக்குலயே வெட்டுனா?"

ஹரிதாஸ் பில்ட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதுவரை ஒப்புக்குக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "நான் பிடிச்சுக்கறேன். நீங்க வெட்டுங்க."

தையல் கத்தரிக்கோல் நறுக்கென்று ஓடியது. வெட்டின முனையில் ஒரு கெட்டி அட்டையை வைத்து, உருகும் பசையால் விளிம்பு முழுதும் ஒட்டி மூடினார்கள். அகலத்தில் குறைந்த அரை சென்டிமீட்டருக்கும் கனத்தில் குறைந்ததற்கும் கதவிடுக்கில் ஒட்டும் பஞ்சுநாடாவைச் சுற்றிலும் ஒட்டினாள். தூசி பில்ட்டருக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிட்டால் இத்தனை பாடும் வீண் என்று ஹரிதாஸ் விரலை வைத்து ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தார். உள்ளே பள்ளத்தை ஈரத்துணியால் நாலு முறை துடைத்து மஞ்சள் தூளை எடுத்தார்கள். உற்சாகத்தில் ரஞ்சிதம் தலைகீழாக நுழைக்கப்போனாள்.

"அக்கா, அக்கா! அம்புக்குறியப் பாருங்க. காத்து போற பக்கம் பாத்து இருக்கணும்."

திருப்பி நுழைத்தாள். எஞ்சினைப் போட்டுக் காற்றைக் கூட்டினாள். துவாரத்துக்கு முன்னால் பிடித்த மெல்லிய காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவ்வளவுதான், ரஞ்சிதம் கை தட்ட, ஹரிதாஸும் தட்டினார். "இதுக்கு வாரண்டியெல்லாம் கேட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றே சரோஜாவை ஏற்றிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனாள். கெஞ்சித்தான் ஏற்றவேண்டியிருந்தது. சரோஜா துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, ஊசி போடப்போகும் பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள். கியா பார்மில் பனி. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கோலா தெர்லாவில் நாலு லோரிகள் வரிசையாகப் புகை கக்கிக்கொண்டு நின்றன. சடக்கோரத் தோட்டம் ஒன்றில் புதுசாகக் கோழி எரு கொட்டியிருந்தார்கள்.

"நாத்தம் வருதா?" என்றாள் ரஞ்சிதம்.

சரோஜா துண்டை ஒரு விரல் அளவு இறக்கினாள். மோந்து பார்த்தாள். "கொஞ்சூண்டு வருது. ஆனா மூக்கு அரிக்கலக்கா."

"தும்மல்?"

"இல்ல."

"பாடு."

சரோஜா பாடினாள். மெதுவாக ஆரம்பித்த பாட்டு, கம்போங் ராஜா வரும்போது காரையே நிறைத்துவிட்டது. அங்கேயே திருப்பினார்கள், வழியெல்லாம் பாட்டுத்தான். கூடவே டாஷ்போர்டுக்குள்ளிருந்து 'உய்ய்ய்' என்று ஒரு விசில் சத்தமும் வந்துகொண்டிருந்தது. மறுநாள் பார்த்தபோது ஒரு மூலையில் பஞ்சுநாடா விலகியிருந்தது. இன்னொரு துண்டு வைத்து அமுக்கியதும் விசில் அடங்கியது.

ஞாயிறு விடிந்தது. நாலு பேரும் பச்சைப் பட்டுப்புடவை கட்டி, தலையில் ஒரே மாதிரி பூ வைக்கலாமா என்று பேச்செடுத்து, சரோஜாவின் மூக்கை நினைத்துப் பூவே வேண்டாம் என்று முடிவுசெய்து கிளம்பினார்கள். பத்து மணிக்கு மேடை. எட்டரைக்குள் சிம்பாங் பூலாய் இறக்கத்தைப் பாதி கடந்துவிட்டார்கள். அங்கேதான் வண்டிகள் நின்றன. மழையில் சரிந்த மேட்டைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். மண் லோரிகள் முன்னும் பின்னும் போக, செம்மண் புழுதி சுவர் மாதிரி எழுந்து கார்களை மூடியது. பக்கத்து மோட்டார்சைக்கிள்காரர் சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ" என்றாள் தனுஜா.

காருக்குள் எல்லோர் கண்ணும் சரோஜாமேல்தான். வெளிக்கண்ணாடியில் செம்மண் பூசினாற்போல் படிந்தது. ரஞ்சிதம் துடைப்பானைப் போட்டாள். காற்றை நிறுத்தலாமா என்று விரலை வைத்தாள். நிறுத்தினால் கண்ணாடி மூடிக்கொள்ளும். நிறுத்தவில்லை. பின்பக்கம் காட்டும் சின்னக் கண்ணாடியில், பின்னிருக்கையில் இருந்த சரோஜாவைப் பார்த்தாள். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். சரோஜா துண்டை மூக்கிலிருந்து எடுத்தாள். ஒருமுறை இழுத்து மூச்சுவிட்டாள். துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

"என்னக்கா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. வழி திறந்தது. ரஞ்சிதம் இறக்கத்தில் வேகத்தை அடக்கி, சமவெளியில் விட்டுப் பிடித்து, மண்டப வாசலில் காரை நிறுத்தியபோது பத்து மணிக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. யோகேஸ்வரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேர் கொடுக்க ஓடினாள். வெள்ளைக் கார் தலையிலிருந்து கால்வரை சிவப்பாக இருந்தது.

அவர்கள் குழு நாலாவது. முன்னால் பாடின குழுக்களுக்குத் தபேலா, கீபோர்டு எல்லாம் இருந்தன. இவர்களிடம் ஒன்றுமில்லை. மேடையில் ஏறியதும் ரஞ்சிதத்தின் கண் இறங்கும் படியைத் தேடியது. சரோஜா கண்ணை மூடி எடுத்தாள்:

*கொழுந்து கிள்ளி வந்த கூடை கூடையாப் பச்சையடி*
*சலிச்சு எடுத்த தூளுல நம்ம விடியக்காலம் மணக்குதடி*

குரல் மணி மாதிரி எழுந்தது. முதல் வரி முடியும் முன்னே பின்வரிசைகளில் பேச்சு நின்றது. மூன்று பேரும் சல்லடை குலுங்கும் தாளத்தில் கை தட்டிக் குரல் கொடுக்க, ரஞ்சிதத்துக்குப் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பழகின வேலையல்லவா கை தட்டுவது! கடைசி வரியைச் சரோஜா உச்சியில் நிறுத்தி, அறுந்துவிடுமோ என்று எல்லோரும் நினைத்த இடத்தில் இன்னும் ஒரு படி ஏற்றி இறக்கினாள். மண்டபம் எழுந்து நின்றது.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு தெலுக் இந்தானிலிருந்து வந்த குழுவுக்குப் போனது. அவர்கள் பாடினது நிஜமாகவே இன்னும் நன்றாக இருந்தது என்று ரஞ்சிதமே ஒப்புக்கொள்வாள். ஆனால் தனிக்குரலுக்கென்று ஒரு பரிசு இருப்பது இவர்களுக்குத் தெரியாது. அதற்குச் சரோஜாவின் பேரைப் படித்தபோது, அவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். தனுஜாதான் அவளைப் பிடித்துத் தள்ளவேண்டியிருந்தது.

பரிசளித்த அம்மா, "குரலை எப்படிம்மா பாத்துக்கறீங்க? தேன், மிளகு ஏதாச்சும் எடுப்பீங்களா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

சரோஜா கூச்சத்தோடு ரஞ்சிதத்தைக் காட்டினாள். "இந்த அக்கா காடியில பில்ட்டர் மாத்துனாங்க."

மண்டபமே சிரித்தது. சரோஜா சிரிக்கவில்லை. பூக்காரனின் வலை, மஞ்சள் தூள், வெட்டின மடிப்பு என்று முழுக் கதையையும் சொன்னாள். உரக்கப் பேசாத பெண் ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம் பேசினாள். கீழே இறங்கியதும் மூன்று பெண்கள் ரஞ்சிதத்தைச் சூழ்ந்துகொண்டு தங்கள் காரின் மாடலைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதற்கப்புறம் ரஞ்சிதத்தின் சனிக்கிழமைகள் மாறிவிட்டன. அளவு கிடைக்காத பழைய கார்களை ஹரிதாஸே அவளிடம் அனுப்பிவைக்கிறார். அவள் அட்டையில் பெட்டி செய்து அளவெடுப்பாள், பொருந்தும் பில்ட்டரைத் தேடுவாள், வெட்டுவாள், ஒட்டுவாள். காகிதம் படபடக்காமல் எந்தக் காரையும் வெளியே விடமாட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டவேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்புவாள். அவளுடைய அண்ணன்கள் இருவரும்கூட வந்து வரிசையில் நின்றார்கள். பின்னால் வந்த அண்ணனை அரைமணி நேரம் காக்கவைத்தாள், வேண்டுமென்றேதான்.

போன சனிக்கிழமை லெம்பா பெர்த்தாமிலிருந்து கோகிலன் என்ற தோட்டக்காரர் ஒரு ஜீப்பை ஓட்டிவந்தார். பிறந்தது முதல் வெளிநாட்டையும் பார்க்காத, பட்டறையையும் அதிகம் பார்க்காத பழைய ஜீப். மண்ணும் தக்காளி வாசமும் ஒன்றாக வீசியது. "மருந்தடிக்கற சீசன்ல உள்ள உக்கார முடியலக்கா" என்றார். ரஞ்சிதம் சாமான் பெட்டியை இறக்கினாள். உள்ளே டார்ச் அடித்தாள். மூடி இல்லை, பள்ளமும் இல்லை. பில்ட்டர் வைக்க இடமே விடாமல் செய்த வண்டி.

"ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றார் கோகிலன்.

ரஞ்சிதம் அதற்குள் முன்பக்கம் போய்விட்டாள். முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்று நுழையும் கம்பித்தட்டின் மேல் விரலால் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். கண் பளபளத்தது.

"நாகப்பா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். உணர்ச்சிவசப்பட்டால் கணவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டாங்க! பில்ட்டர உள்ள வைக்க வேணாம், வெளியவே வைக்கலாம்!"